ஓலே எவின்ரூட்

ஓலே எவின்ரூட் (ஏப்ரல் 19, 1877 – ஜூலை 12, 1934) நோர்வேயில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். சிறு படகின் பின்புறத்தில் மாட்டவும் கழற்றவும் கூடிய வெளிப்பொருத்து மோட்டாரைப் பொதுமக்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருளாக ஆக்கியவர் இவரே. இத்தகைய மோட்டாரை முதலில் எண்ணியவர் இவரல்லர். பாரிசில் குஸ்தாவ் துரூவே என்பவர் 1881 இலேயே மின்சாரத்தால் இயங்கும் ஒன்றைப் படகில் பொருத்தி ஓட்டினார். ஐக்கிய அமெரிக்காவில் கேமரூன் வாட்டர்மன் எவின்ரூட்டுக்குச் சில ஆண்டுகள் முன்னரே பெட்ரோல் மோட்டார்களை விற்றுவந்தார். ஒரு சிறு படகுக்கு எவ்வளவு திறன் போதும், ஒருவர் எவ்வளவு எடையைத் தூக்கிச் செல்ல முடியும் என்னும் இரு கேள்விகளுக்கும் ஒரே பொருளில் விடை கண்டது எவின்ரூட்டின் பங்களிப்பு ஆகும். அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலும் இதே கேள்விகள் எழுந்தன. அதனால் அவரது வரலாறு குமரி மீனவர்களின் வரலாற்றோடும் தொடர்புடையதாகிறது.

பிறப்பும் இளமையும்

எவின்ரூட் நோர்வேயின் யோவிக் நகருக்கு அருகே ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். இவருக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, விஸ்கொன்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகே ஓர் ஏரிக்கரையில் வேளாண்மை செய்து வாழ்ந்தது. எவின்ரூட் என்பது நோர்வேயில் அக்குடும்பத்துடன் தொடர்புடைய ஒரு பண்ணையின் பெயராகும்.

பள்ளிப் படிப்பு இவருக்கு நீடிக்கவில்லை. வயல் வேலையைவிட எந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதிலேயே நாட்டம் இருந்தது. பதின்ம வயதில் தாமே ஒரு பாய்மரப் படகைக் கட்டினார். மகன் வேளாண்மையைத் தொடர வேண்டும் என்று விரும்பிய தந்தைக்கு இது பிடிக்கவில்லை என்றும், படகு வேலை மறைவாகவே நடந்தது என்றும் கூறப்படுகிறது.

பதினாறாவது வயதில் வீட்டை விட்டு மேடிசன் நகருக்குச் சென்று வேளாண் கருவித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் பிட்ஸ்பர்க், சிகாகோ முதலிய நகரங்களின் பட்டறைகளில் பணிபுரிந்தார். பகலில் பட்டறையும் இரவில் கணிதமும் பொறியியலும் என்று தாமாகவே கற்றார். உள்ளெரி எந்திரம் அப்போது புதிய துறை. அதைக் கற்பிக்கும் கல்லூரியும் குறைவு, கற்றுத்தரும் ஆசிரியரும் குறைவு. ஆகவே முறையான கல்வி இல்லாதது இவருக்குப் பெரிய குறையாக அமையவில்லை எனலாம்.

1900 ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து, கேட்பவர் தேவைக்கேற்ப எந்திரம் செய்து தரும் தொழிலைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. அடுத்தடுத்த முயற்சிகளும் நெருக்கடிக்கு உள்ளாயின. இக்காலத்தில் அண்டை வீட்டுப் பெண்ணான பெஸ் கேரி அவரது கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். இருவரும் 1906 இல் மணந்தனர். அவர்களின் ஒரே மகன் ரால்ஃப் 1907 இல் பிறந்தார்.

முதல் மோட்டார்

எவின்ரூட்டைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கோடை நாளொன்றில் நண்பர்களுடன் ஓக்காச்சி ஏரிக்கு உல்லாசமாகச் சென்றிருந்தபோது பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். எவின்ரூட் படகில் ஏறி, ஏறத்தாழ இரண்டரை மைல் துடுப்பு வலித்துச் சென்று வாங்கி வந்தார். திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது. துடுப்புக்கு மாற்றாக ஒரு மோட்டார் வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்ததாகச் சொல்வர். கதையின் ஆண்டு குறித்து நூல்கள் வேறுபடுகின்றன. துடுப்பு வலித்துக் களைத்த எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே இது. அதைச் செய்து முடித்ததே கருதத்தக்கது.

1909 இல் மில்வாக்கியின் கின்னிகின்னிக் ஆற்றில், வாடகைக்கு எடுத்த படகில் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். பின்னர் நண்பர் ஒருவர் அதை இரவல் வாங்கிச் சென்று, திரும்பும்போது பத்து மோட்டார்களுக்கு முன்பணத்துடன் வந்தார். முதலில் 25 மோட்டார்கள் கையாலேயே செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் 1.5 குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலரே.

ஒன்றரைக் குதிரைத்திறன் இன்று மிகச் சிறிதாகத் தோன்றும். ஆனால் நெடுநேரம் தொடர்ந்து துடுப்பு வலிக்கும் மனிதர் ஒருவர் தரக்கூடிய திறன் குதிரைத்திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சுழல்விசிறியில் ஏறத்தாழப் பாதி வீணாகும் என்று கொண்டாலும், இம்மோட்டார் பலர் சேர்ந்து வலிக்கும் வேலையைச் செய்தது. துடுப்புப் படகொன்றை மணிக்கு ஐந்து மைல் அளவில் செலுத்த அது போதுமானதாக இருந்தது. அதற்குமேல் திறன் கூட்டியிருந்தாலும் அப்படகு அதிகம் விரைந்திருக்காது. எந்திரத்தை மேலே நிமிர்த்தி வைத்து, செங்குத்தான தண்டின் வழியாகக் கீழே உள்ள பற்சக்கரங்களுக்கு ஆற்றலைச் செலுத்தி, நீருக்கடியில் விசிறியைச் சுழலச் செய்த அமைப்பே இன்றுவரை பெரும்பாலான வெளிப்பொருத்து மோட்டார்களில் தொடர்கிறது. இதற்கான காப்புரிமை 1911 இல் வழங்கப்பட்டது.

பெஸ் எவின்ரூட்

மோட்டாரை முதலில் பார்த்தபோது காப்பிக் கொட்டை அரைக்கும் கருவியைப் போல் இருப்பதாகக் கேலி செய்த பெஸ், பின்னர் அதன் விற்பனை முழுவதையும் ஏற்று நடத்தினார். துடுப்பை எறிந்துவிட்டு மோட்டாருக்கு மாறும்படி கூறும் விளம்பர வாசகம் அவர் எழுதியதே. இதழ்களில் அது வெளிவந்ததும் நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. பொழுதுபோக்குக்காக வாங்கியவர்களைத் தவிர, பிழைப்புக்காக வாங்கிய வட ஐரோப்பிய மீனவர்களும் முக்கிய வாடிக்கையாளர் ஆயினர். எவின்ரூட்டின் தாயகமான நோர்வேக்கும் மோட்டார்கள் சென்றன. எந்திரத்தைப் பற்றி எழுதும் நூல்கள் பெஸ் எவின்ரூட்டை ஐஸ்கிரீம் கதையோடு நிறுத்திவிடுவது நேர்மையானதன்று. நிறுவனத்தின் வணிக மூளை அவரே.

இந்த உழைப்பு அவரது உடல்நலத்தைப் பாதித்தது. மருத்துவரின் அறிவுரைப்படி ஓய்வு தேவைப்பட்டதால், 1914 ஆம் ஆண்டளவில் எவின்ரூட் தம் பங்கை முதலீட்டுக் கூட்டாளியான கிறிஸ் மேயருக்கு விற்றார். ஐந்து ஆண்டுகள் வெளிப்பொருத்து மோட்டார்த் தொழிலில் இறங்குவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். தம் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிறர் கைக்குப் போயிற்று. குடும்பம் பல ஆண்டுகள் பயணத்தில் கழித்தது.

எல்ட்டோ: எடையுடன் போராட்டம்

ஓய்விலும் எவின்ரூட் வரைபடப் பலகையை விடவில்லை. தமது பழைய மோட்டாரின் குறை அதன் எடையே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரும்பின் பெரும்பகுதியை அலுமினியத்தால் மாற்றி, ஒரு உருளைக்குப் பதிலாக எதிரெதிராக இயங்கும் இரு உருளைகளை வைத்தார். புதிய மோட்டார் 3 குதிரைத்திறன் தந்தது. எடை 50 பவுண்டுக்குள் அடங்கியது. முதல் மோட்டாரைப்போல் இருமடங்கு திறன், எடையோ அதைவிடக் குறைவு. இரு உருளைகள் ஒன்றன் அதிர்வை மற்றொன்று ஈடுசெய்ததால் படகும் குறைவாக நடுங்கியது.

இவ்வடிவத்தை முதலில் மேயரிடமே கொண்டு சென்றார். மேயர் ஏற்கவில்லை. ஆகவே 1920 களின் தொடக்கத்தில் எவின்ரூட் தம்பதியர் எல்ட்டோ என்ற பெயரில் புதிய நிறுவனத்தைத் தொடங்கினர். எவின்ரூட்டின் இலேசான இரட்டை உருளை வெளிப்பொருத்து மோட்டார் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே எல்ட்டோ. தம் பெயரைத் தாங்கிய பழைய நிறுவனத்துடனேயே அவர் போட்டியிட வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஜான்சன் சகோதரர்கள் இன்னும் இலேசான மோட்டாருடன் சந்தைக்கு வந்தனர். போட்டி எடையிலிருந்து திறனுக்குத் தாவியது. பந்தயப் படகுகளுக்காக நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்தின. எல்ட்டோவும் 1928 இல் நான்கு உருளைகள் கொண்ட 18 குதிரைத்திறன் மோட்டாரை வெளியிட்டது. ஒன்றரையில் தொடங்கியவர் இருபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்குக்கு வந்துவிட்டார்.

இறுதிக் காலம்

1929 இல் எல்ட்டோவும் பழைய எவின்ரூட் நிறுவனமும் லாக்வுட் என்னும் மற்றொன்றும் இணைந்து ஒரே நிறுவனம் ஆயின. அதன் தலைவராக எவின்ரூட் பொறுப்பேற்றார். சில மாதங்களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிற்று. படகு மோட்டார் போன்ற பொருளை வாங்குவோர் அருகினர். இந்நெருக்கடியின் நடுவே 1933 இல் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில், 57 ஆவது வயதில் எவின்ரூட்டும் மறைந்தார். நிறுவனத்தை மகன் ரால்ஃப் ஏற்றார். 1936 இல் ஜான்சன் நிறுவனமும் இதனுடன் இணைந்தது. இந்நிறுவனம் 2000 இன் இறுதியில் நொடித்துப்போனது. எவின்ரூட் வணிகப் பெயரை 2001 இல் கனடாவின் பொம்பார்டியர் வாங்கியது. அப்பெயரில் மோட்டார் உற்பத்தி 2020 இல் நிறுத்தப்பட்டது.

குமரிக் கடற்கரையில் வெளிப்பொருத்து மோட்டார்

எவின்ரூட் பிறந்த நோர்வே நாட்டின் உதவியுடன், 1953 இல் கொல்லத்திற்கு அருகேயுள்ள நீண்டகரையில் இந்திய – நோர்வே மீன்வளத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது நீண்டகரையைப் போலவே திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழகத்துடன் இணைந்தது. உள்ளூர் வள்ளங்களிலேயே மோட்டார் பொருத்தும் எண்ணம் இத்திட்டத்தின் தொடக்கத்தில் இருந்தது. அது கைகூடாமல், டீசல் எந்திரம் கொண்ட புதிய படகுகளுக்குத் திட்டம் திரும்பியது. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் வள்ளத்துக்கு மோட்டாரின் அதிர்வு பகையாகும். கட்டுமரத்துக்கோ மோட்டாரை மாட்டுவதற்குப் பின்பலகையே கிடையாது.

குமரியின் மேற்குக் கரை, அதாவது மணக்குடி, முட்டம், கடியபட்டணம், குளச்சல் வழியாகத் தூத்தூர், நீரோடி வரை, அலை ஓங்கி அடிக்கும் கரையாகும். ஆனி, ஆடி மாதங்களில் அலைவாயைக் கடப்பதே உயிர்ப் பிரச்சினை. இயற்கைத் துறைமுகம் இல்லாத ஊர்களில் படகை மணலில் ஏற்றியாக வேண்டும். மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கோ கொட்டகைக்கோ கொண்டு போக வேண்டும். ஏரிக்கரை உல்லாசப் படகுக்காக எவின்ரூட் குறைத்த எடை, இங்கே வேலை செய்யும் மனிதரின் தோளுக்குப் பயன்பட்டது.

1980 களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. கட்டுமரத்துக்கு ஏற்ற பெருமரங்கள் கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் நிலையம், கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகையால் கரையேற்றக்கூடிய சிறு படகுகளைக் கட்டத் தொடங்கியது. இம்முயற்சியில் ஈடுபட்ட பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே, தம் அனுபவத்தை 1985 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். சிறியது கடினம் என்று பொருள்படுவது அதன் தலைப்பு. சிறியதே அழகு என்று ஷூமாக்கர் எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு அது கடற்கரையிலிருந்து சென்ற மறுமொழி போல் உள்ளது. இப்படகுகளின் உறுதியான பின்புறத்தில் 7, 8 குதிரைத்திறன் மோட்டார்கள் ஏறின. பெட்ரோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை அவற்றுள் பரவலானது. மீனவர் பேச்சில் வெளிப்பொருத்து மோட்டார் என்ற சொல் இல்லை. அது வெறும் எஞ்சின்.

மோட்டாரின் அளவைத் தேர்தல்

படகுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பது எவின்ரூட் காலத்துக் கேள்வி. நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு கட்டுகிறது. நீர்மட்டத்தில் அடிக்கணக்கில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அவ்வரம்பு நாட் அளவில் கிடைக்கும். 25 அடிப் படகுக்கு இது 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இவ்வேகத்தை எட்ட, சுமையுடன் கூடிய எடையில் டன்னுக்கு 3 முதல் 5 குதிரைத்திறன் பொதுவாகப் போதுமானது.

எடுத்துக்காட்டாக, படகு 700 கிலோ, நான்கு ஆட்கள் 260 கிலோ, வலை 300 கிலோ, மோட்டாரும் எரிபொருளும் 80 கிலோ, பிடித்த மீன் 300 கிலோ என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 1.6 டன் ஆகிறது. இதற்கு 5 முதல் 8 குதிரைத்திறன் வேண்டும். எதிர்காற்றுக்கும் அலைவாய்க்கும் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால் 9.9 குதிரைத்திறன் மோட்டார் பொருந்தும். இது மிகச் சிறியதாக இருந்தால் இரண்டு அலைகளுக்கு இடையே கிடைக்கும் சில நொடிகளில் படகு வெளியேறாது. அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும்.

மிகப் பெரியதாக இருந்தால் கேடு வேறு வகையில் வரும். வேக வரம்பை நெருங்குகையில் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கேற்ப ஏறும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே திறன் தேவை பாதியாகிவிடும். இருவீச்சு மோட்டார் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை லிட்டர் அளவில் எரிபொருள் குடிக்கும். 10 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு 5 லிட்டர் என்றால், அதே படகில் 25 குதிரைத்திறனை முழுமூச்சாக ஓட்டுபவர் 12 லிட்டருக்கு மேல் எரிக்கிறார். கனத்த படகாயின் பெறும் கூடுதல் வேகமோ சொற்பம். பின்புறம் அமிழ்ந்து, பின்பலகையும் தளரும்.

குதிரைத்திறன் மட்டும் பார்த்து வாங்குவதும் தவறாகும். ஒரே திறன் கொண்ட இரு மோட்டார்கள் வெவ்வேறு விதமாக இழுக்கும். பந்தயப் படகுக்கான விசிறி அதிகப் புரியேற்றம் உடையது. அதைக் கனத்த மீன்பிடி படகில் மாட்டினால் எந்திரம் உரிய சுற்று வேகத்தை எட்டாமல் திணறும், கரி படியும், விரைவில் தேயும். மீன்பிடிக்கு விட்டம் பெரிதாகவும் புரியேற்றம் குறைவாகவும் உள்ள விசிறியே உகந்தது. தண்டின் நீளமும் பின்பலகையின் உயரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நீளம் குறைந்தால் அலையில் விசிறி நீருக்கு வெளியே சுழலும்.

இக்கணக்கு யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதையும் கருத வேண்டும். பங்கு முறையில், கரையில் ஏலம் போன தொகையிலிருந்து எரிபொருள் செலவைக் கழித்த பிறகே உரிமையாளரும் உடன் சென்றவர்களும் மீதியைப் பிரித்துக்கொள்வர். மோட்டார் பெரிதானால் கூலியாளின் பங்கும் சேர்ந்து குறைகிறது. மோட்டார் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடித்த மீனை அவர் வழியாகவே விற்க வேண்டிய கட்டுக்கும் உட்பட்டார். இக்கட்டை அவிழ்க்கும் நோக்கில் குமரி மாவட்டத்தில் ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் உருவாயின. ஏலம், கடன், சேமிப்பு மூன்றையும் சங்கமே நடத்தியது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகு கட்டுதல், மோட்டார் விற்பனை, பழுதுபார்த்தல் ஆகியவற்றையும் மேற்கொண்டது. பழுதுபார்க்கும் இடம் அருகில் இருப்பதும் உதிரிபாகம் கிடைப்பதும், குதிரைத்திறனைப் போலவே மோட்டாரைத் தேர்வதற்கான அளவுகோல்களாயின.

ஆயினும் திறன் போட்டி குறையவில்லை. கேரளத்தில் சுருக்குமடி கொண்ட பெரிய வள்ளங்கள் 25, 40 குதிரைத்திறன் மோட்டார்களை ஒன்றுக்கு மேல் மாட்டிக்கொண்டன. கூட்டமாகச் செல்லும் சாளையை முதலில் எட்டுபவருக்கே மீன் என்ற நிலையில், அண்டை வள்ளம் வாங்கியதைத் தாமும் வாங்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. தனியொரு வள்ளத்துக்கு எது போதும் என்று சூத்திரம் சொல்லும். பக்கத்து வள்ளம் என்ன வாங்கும் என்று அது சொல்வதில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சலும் மணக்குடியும் பேரிழப்பைச் சந்தித்தன. அதன் பிறகு நிவாரணமாக வந்த படகுகளால் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. இவை இலேசானவை, ஆகவே குறைந்த திறனே போதும் என்று கணக்குச் சொன்னாலும், கரையிலிருந்து செல்லும் தொலைவு கூடியதால் மோட்டார் சிறுக்கவில்லை. தொலைவு செல்வோர், ஒன்று நின்றால் மற்றொன்று கரை சேர்க்கும் என்று இரண்டு மோட்டார்களை எடுத்துச் செல்வதுண்டு. ஒரு பெரிய மோட்டாருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றைத் தேர்வதற்கு இதுவே காரணம். இம்மோட்டார்களுள் யமஹா, சுசூகி போன்ற ஜப்பானிய வகைகள் பரவலானவை.